இரண்டாவது கையெழுத்து

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மான நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது. 1996இல் தொடங்கி 2001 வரைக்கும் மாதத்துக்கு ஒன்று, சில மாதம் ரெண்டு. பாதிக்கு மேல் வெற்றுப் பக்கத்தின் அடியில் போட்ட கையெழுத்து. "நீ கீழ போடுப்பா, மேல நாங்க எழுதிக்கறோம்" என்று கிளார்க்கு சொல்லுவார். போட்டுவிட்டு வந்துவிடுவேன். அப்போது எனக்கு 23 வயது. எங்கள் காலனியில் பி.ஏ. முடித்த இரண்டாவது ஆள் நான். எழுத்து தெரியாதவன் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தால் ஏமாந்தான் என்று சொல்லலாம். படித்தவன் போட்டால் அதற்கு என்ன பேர்?

கொஞ்ச நாளைக்கு முன் அண்ணன் மகள் இதையே வேறு மாதிரி கேட்டாள். 22 வயசுப் பெண். பி.காம். முடித்துவிட்டு அரசாங்கப் பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். "அடுத்த தேர்தல்ல நம்ம வார்டுக்கு நீ நில்லும்மா" என்று நான்தான் பேச்சை எடுத்தேன். அவள் சிரித்தாள். "நீங்க அஞ்சு வருசம் மெம்பரா இருந்து என்ன கிழிச்சீங்க சித்தப்பா, என்னை நிக்கச் சொல்றீங்க?" என்றாள். "பெரியவங்ககிட்ட என்னடி பேச்சு இது" என்று அண்ணி அதட்டினார்கள். அதட்டி மூடிவிடுகிற கேள்வியா அது?

இந்தக் கட்டுரை அன்றைக்கு நான் அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதில். அவளுக்கு மட்டும் சொன்னால் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

*

கிராமப் பஞ்சாயத்து என்றதும் சினிமாக்காரர்களுக்கு ஆலமரமும் சொம்பும் நாட்டாமையும் ஞாபகம் வரும். எங்கள் ஆட்களுக்கு வருவது வேறு. என் தாத்தா அந்த ஆலமரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். உட்கார்ந்து பேசியவர்கள் ஊர்க்காரர்கள். அபராதம் போட்டவர்கள் அவர்கள், கட்டியவர் என் தாத்தா. மேய்ச்சலுக்குப் போன மாடு அவர்கள் வயலில் வாய் வைத்ததுதான் குற்றம். அந்த வருசக் கூலி முழுக்க அபராதத்துக்குப் போனதாக எங்க அப்பா சொல்லுவார்.

ஆகவே கிராமத்துக்கு அதிகாரம் கொடுங்கள் என்று யாராவது சொன்னால், யாருடைய கிராமத்துக்கு என்று கேட்பதற்கு நமக்குக் காரணம் இருக்கிறது. இதை முதலில் உரக்கக் கேட்டவர் அம்பேத்கர். 1932இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அவர் எதிர்த்துப் பேசினார். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் சிறுபான்மையினருக்கும் அதில் உறுதியான இடம் வேண்டும், அது இல்லாத பஞ்சாயத்து எங்களுக்கு ஆபத்து என்பது அவர் வாதம். வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தைப் பஞ்சாயத்திடம் கொடுப்பதையும் அவர் ஏற்கவில்லை. சாதியில் ஊறிய ஊர், சேரிக்காரனுக்கு எப்படி நீதி சொல்லும்?

1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அரசமைப்பு வரைவை முன்வைத்துப் பேசினார். அப்போதும் கிராமத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி பதில் சொன்னார். கிராமம் குறுகிய புத்தியும் அறியாமையும் குடியிருக்கிற இடம், நம் வரைவு தனி மனிதரை அடிப்படையாக எடுத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி என்றார். அதன்பிறகு காந்தியவாதிகளின் வற்புறுத்தலால் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்பது 40ஆவது பிரிவாக உள்ளே வந்தது. அதுவும் அரசுக்கான வழிகாட்டு நெறியாகத்தான்.

இளைஞர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1919 ஜனவரியில் சவுத்பரோ குழுவின் முன்னால் நின்று, தாழ்த்தப்பட்டவர்களுக்கு வாக்கும் பிரதிநிதித்துவமும் எதற்கு என்று அம்பேத்கர் சாட்சியம் சொன்னபோது அவருக்கு வயது 27. தாடி நரைத்த பிறகு வந்ததல்ல அந்தப் பேச்சு.

நம் சென்னை மாகாணத்தில் கதை இன்னும் கீழிருந்து தொடங்குகிறது. சபைக்குள் உட்காருவது இருக்கட்டும், சபை இருக்கிற தெருவில் முதலில் நடக்க முடிய வேண்டுமே. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் அதற்குத்தான் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, அரசு அலுவலகம் எதிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்பது தீர்மானம். அது நிறைவேறி அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாணையும் வந்தது. தாளில் வந்தது தெருவுக்கு வர எத்தனை வருசம் ஆனது என்று நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

பட்டணத்தில் வழி கொஞ்சம் சீக்கிரம் திறந்தது. 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை மேயரானார். 1945இல் என். சிவராஜ் மேயரானார். இரண்டு பேரும் நம்மவர்கள். அதே காலத்தில் கிராமத்தில் நம் ஆள் பஞ்சாயத்து போர்டு திண்ணையில் ஏற முடியாது. மாநகரத்தின் தலைவராக முடிகிறது, முன்னூறு வீடு உள்ள ஊரில் உட்கார முடியவில்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால்தான் 1996 நமக்கு என்ன கொடுத்தது என்பது புரியும்.

*

1992 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகைக்கு ஏற்ப தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வந்தது. உறுப்பினருக்கு மட்டும் அல்ல, தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு. 1932இல் அம்பேத்கர் கேட்டது அறுபது வருசம் கழித்துச் சட்டமானது. இன்னொன்றையும் அந்தத் திருத்தம் சொன்னது. சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆக வேண்டும், பஞ்சாயத்துக்கு நிற்க 21 போதும்.

தமிழ்நாட்டில் 1994இல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய தேர்தல் 1986இல். நடுவில் தேர்தலே இல்லாத ஆண்டுகளில் பஞ்சாயத்து யாருக்கும் இல்லாமலா இருந்தது? அதிகாரிகளுக்கும் அதிகாரிகளைத் தெரிந்தவர்களுக்கும் இருந்தது. தேர்தல் இல்லை என்றால் எல்லோருக்கும் நட்டம் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். வேறு எந்த வாசலும் இல்லாதவனுக்குத்தான் அந்த நட்டம் முழுசாக வந்து சேரும்.

கடலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர், 1996இல் தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் அத்தை முறை உள்ள ஒருவர் நின்றார். நாற்று நட, களை எடுக்கப் போகிறவர். கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டார். நான் வார்டு மெம்பருக்கு நின்றேன். ரெண்டு பேரும் ஜெயித்தோம். காலனியில் அன்றைக்கு ராத்திரி பறை அடங்கவே இல்லை. சாவுக்கு அடித்த பறையை முதல்முறையாக நமக்காக அடிக்கிறோம் என்று எங்க அப்பா சொன்னார்.

எங்களுக்கு ஒன்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தலைவர் பதவியை ஒதுக்கிய சட்டம் துணைத் தலைவர் பதவியை ஒதுக்கவில்லை. துணைத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதும் இல்லை, வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பஞ்சாயத்துப் பணத்தை எடுக்கக் காசோலையில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். எல்லா விசயமும் இந்த மூன்று வரிக்குள் இருக்கிறது. அந்த ரெண்டாவது கையெழுத்து யார் கையில் இருக்கிறதோ, ஊர் அவர் கையில்.

துணைத் தலைவர் தேர்தலுக்கு முதல்நாள் ராத்திரி, எங்க அப்பா பண்ணையம் பார்த்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. மிரட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது, ஒருத்தரும் மிரட்டவில்லை. "உங்க அம்மா தலைவரு, எங்களுக்கு சந்தோசந்தான். துணை மட்டும் நம்ம தம்பி இருக்கட்டும். ஊரு ஒத்துமையா இருக்கணும்ல" என்றார்கள். அப்பா வாங்கியிருந்த கடனைப் பற்றி அவர்கள் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். மறுநாள் என் ஓட்டு அந்தப் பக்கம் போனது. எண்ணிக்கையும் அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்த்தது என் ஓட்டுதான்.

அத்தை பதவிக்கு வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று, சுடுகாட்டுக்குப் பாதை. எங்கள் பிணம் அவர்கள் வயல் வரப்பில்தான் போக வேண்டும். நடவு நேரத்தில் செத்தால் வரப்பில் பாடையை ஒருக்களித்துத் தூக்கிக்கொண்டு போவோம். புறம்போக்கில் மண் அடித்து ஒரு பாதை. பெரிய செலவு கிடையாது. தீர்மானம் போட்டார். துணைத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை. "பாக்கலாம்" என்றார். மறுபடி போட்டார். "யூனியன்ல கேக்கணும்" என்றார். ஊர்த்தெரு சாக்கடைக்கும் ஊர்த்தெரு விளக்குக்கும் அத்தையிடம் கையெழுத்து கேட்டு வீட்டுக்கே நோட்டு வரும். நான் வெற்றுப்பக்கத்தில் போட்டேன், அத்தை நிரப்பிய பக்கத்தில் போட்டார். ரெண்டும் ஒன்றாகவே முடிந்தது. அய்ந்து வருசத்தில் பாதை வரவில்லை.

அத்தை 2009இல் ஐப்பசி மழையில் செத்துப்போனார். அந்த வரப்பில்தான் தூக்கிக்கொண்டு போனோம். முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன். சேற்றில் கால் இறங்கியது. முன்னாள் தலைவரின் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

*

எங்கள் ஊரில் இதெல்லாம் சத்தமில்லாமல் முடிந்தது. சத்தத்தோடு நடந்த இடமும் உண்டு.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் மேலவளவு ஊராட்சி அதே 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன, தேர்தல் நின்றது. மறுபடி நடந்தபோது வாக்குச்சாவடியில் புகுந்தார்கள். கடைசியில் டிசம்பர் முடிவில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஜெயித்த பிறகும் பஞ்சாயத்து அலுவலகத்தில் அவரை நிம்மதியாக உட்கார விடவில்லை. 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு பஸ்சில் திரும்பி வந்தார்கள். எரிந்த வீடுகளுக்கு நட்டஈடு கேட்டுப் போன பயணம் அது. ஊருக்குப் பக்கத்தில் பஸ்சை மறித்து வெட்டினார்கள். முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உட்பட ஆறு பேர். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் எறிந்தார்கள்.

துணைத் தலைவர் மூக்கன் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலவளவில் முதல் கையெழுத்தும் ரெண்டாவது கையெழுத்தும் நம்மவர்களிடம் இருந்தன. எங்கள் ஊரில் ஒன்றைப் பறித்துக்கொள்ள ஒரு ராத்திரிப் பேச்சு போதுமாக இருந்தது. அங்கே பேச்சில் பறிக்க முடியவில்லை. இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த நாளில் எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, வெட்கம்.

2001 ஜூலையில் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள்தண்டனை கொடுத்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேர் தண்டனைக் காலம் முடியும் முன்னரே விடுதலையானார்கள். இரண்டு தேதியையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நாலு ஊராட்சியிலும் 1996 முதல் பத்து வருசம் ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. ஒன்று, யாரும் மனு போட மாட்டார்கள். இல்லையென்றால் ஊர் நிறுத்தி வைத்த ஒரு தலித் ஜெயிப்பார், பதவி ஏற்ற கையோடு ராஜினாமா கொடுப்பார். சட்டத்தில் எழுதியிருப்பது எல்லாம் நடந்த மாதிரி இருக்கும், தலைவர் மட்டும் இருக்க மாட்டார். 2006 அக்டோபரில்தான் நாலிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. விசயம் வெளியே வந்த பிறகு அதிகாரிகள் வந்து அவரை ஏற்ற வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எங்கள் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது. இதே தமிழ்நாட்டில் 2022இல் முப்பது வயது நிறையாத தலித் பெண் ஒருவர், பிரியா ராஜன், சென்னைக்கு மேயரானார். 1937ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் இருந்த அந்தத் தூரம் இன்னும் முழுசாகக் குறையவில்லை.

*

தம்பிகளே, தங்கைகளே, இவ்வளவு சொல்லிவிட்டு உங்களைப் பஞ்சாயத்துக்கு வா என்று கூப்பிடலாமா? கூப்பிடுகிறேன். ஆனால் நான் போன மாதிரி போகாதீர்கள்.

நாங்கள் செய்த முதல் தப்பு, தலைவர் நாற்காலியை மட்டும் பார்த்தது. ஒதுக்கீடு நம் அத்தையை நாற்காலி வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அவரைச் சுற்றி ஆள் இல்லை. வார்டு மெம்பர் என்றால் மன்றத்துப் பையன்களே சிரிக்கிறார்கள். "அதுல என்னண்ணா இருக்கு, டீச்செலவுக்குக் கூட ஆவாது" என்கிறார்கள். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறவன் அவன்தான். 205ஆம் பிரிவில் ஒரு தலைவரைப் பதவியிறக்க நடவடிக்கை வந்தால் கருத்து கேட்கப்படுவதும் அவனிடம்தான். ஒன்பது வார்டு உள்ள ஊரில் நாலு வார்டு காலனி என்று வையுங்கள். அந்த நாலும் உடையாமல் நின்று, ஊர்த்தெருவில் நம்மைப் போலவே ஒதுக்கி வைக்கப்பட்ட சின்னச் சாதிக்காரர் ஒருவரும் சேர்ந்தால் கணக்கே மாறிவிடும். இந்தக் கணக்கை எனக்கு 23 வயதில் யாரும் சொல்லித் தரவில்லை. பி.ஏ. பாடத்திலும் இல்லை.

ரெண்டாவது, கிராம சபை. மெம்பர் ஆக 21 வேண்டும். சபையில் உட்கார 18 வயதும் வாக்காளர் பட்டியலில் பேரும் போதும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருசத்தில் நாலு நாள் கூடி வந்த சபைக்கு, 2022இல் மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்தார்கள். 500 பேர் வரை உள்ள ஊரென்றால் 50 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும், 3000 வரை 100 பேர், 10000 வரை 200 பேர். பல ஊரில் இந்த எண்ணிக்கை நோட்டில்தான் இருக்கும், பந்தலில் இருக்காது. ஆள் வராத கூட்டத்துக்கு நூறு கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு பெண்ணோ பையனோ போதும். வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்காவிட்டால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். பஞ்சாயத்துக்கு வரவேண்டிய பணம் எவ்வளவு என்று தெரியாத வரைக்கும்தான் அவர்கள் தருவது தருமம் மாதிரி தெரியும்.

மூன்றாவது, தனியாக நிற்காதீர்கள். மேலவளவைச் சொன்னது உங்களைப் பயமுறுத்த அல்ல, பயமே வேண்டாம் என்று வாய்ச்சவடால் விடவும் அல்ல. பயம் நியாயமானது. எங்க அப்பாவின் பயம் கடனால் வந்தது, அந்தக் கடன் கூலிக்கு அவர்களை நம்பியதால் வந்தது. இன்றைக்குப் பாதிப் பேர் வெளியூர் வேலைக்குப் போகிறோம், பண்ணையத்துப் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அந்தத் தளர்ச்சியை வைத்து என்ன செய்தோம்? ஊரை விட்டு விலகினோம். படித்தவன் பட்டணம் போனால் போதும் என்று இருந்துவிட்டோம். நோட்டு அவர்களிடமே இருக்கிறது. தலைவராக ஒருவர் நின்றால் அவர் கூட யூனியன் ஆபீசுக்குப் போக நாலு பேர், தீர்மானத்தை வாசித்துச் சொல்ல ரெண்டு பேர், புகார் எழுதத் தெரிந்த ஒருத்தர் வேண்டும். இவர்கள் எல்லாம் மெம்பராக இருக்க வேண்டியதுகூட இல்லை. அத்தைக்கு அப்படி நாலு பேர் இருந்திருந்தால் அந்த ராத்திரி வந்த ஆள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவ்வளவு சாவகாசமாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

*

2025 ஜனவரியில் எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அதற்குப் பிறகு வந்த ஒரு கிராம சபைக்கு அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். "சும்மா பாத்துட்டு வரலாம்" என்றுதான் சொன்னேன். போகிற வழியில் என் ஓட்டு எந்தப் பக்கம் போனது என்பதையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

பந்தலில் உட்கார்ந்ததும் நோட்டு வந்தது. தீர்மானம் எழுத வேண்டிய இடம் காலி, கையெழுத்துக்கு மட்டும் கோடு போட்டிருந்தது. "கீழ போடும்மா, அப்புறம் எழுதிக்குவாங்க" என்றார் நோட்டைக் கொண்டுவந்தவர். ஆள் வேறு, வார்த்தை அதே வார்த்தை. அவள் பேனாவை வாங்கவில்லை. "நீங்க மேல எழுதுங்கண்ணா. படிச்சுப் பாத்துட்டுக் கீழ போடறேன்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பின்னால் இருந்த நம் தெருப் பெண்கள் ரெண்டு பேர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்கள்.

தேர்தலில் நிற்பாளா என்று இன்னும் அவள் சொல்லவில்லை. பரீட்சை இருக்கிறது, பார்க்கலாம் என்கிறாள். நானும் நச்சரிக்கவில்லை. ஆனால் சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு மனு எழுதினாள். புறம்போக்கின் சர்வே எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறாள். அத்தை தீர்மானம் போட்ட வருசத்தையும் எழுதியிருக்கிறாள். மனுவை முழுசாகப் படித்துப் பார்த்தேன். முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டாவது கையெழுத்தை நான் போட்டேன்.